நடுங்கும் பூமி – 9: எட்டு மணிக்குள் வரும்!

போன வாரம் சாவ் சியான்சிங்கைக் கட்சி அலுவலக வாசலில் நிறுத்தி வைத்துவிட்டுத் ‘தொடரும்’ போட்டுவிட்டோம். வடகிழக்குச் சீனத்துக் குளிரில் ஏழு நாளாக நிற்கிறார் மனிதர். முதலில் அவரை உள்ளே விடுவோம்.

காலை மணி எட்டேகால். 1975, பிப்ரவரி 4.

அறைக்குள் யிங்கோவ் வட்டத்தின் கட்சிக் குழு கூடியிருக்கிறது. யார் கண்ணிலும் தூக்கம் இருந்திருக்க வாய்ப்பில்லை. 24 நிமிடங்களுக்கு முன்புதான், ரிக்டரில் ஐந்தை ஒட்டிய ஓர் அதிர்ச்சி எல்லோரையும் உலுக்கிவிட்டுப் போயிருந்தது. அதற்கு முன்னால் ராத்திரி முழுக்கச் சின்னச் சின்னதாக எத்தனையோ.

சாவ் நீட்டி முழக்கவில்லை. இன்று பகலிலோ மாலையிலோ பெரிய பூகம்பம் வரலாம் என்றார். குழு உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

இன்று!

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உங்களை ஒரு வாரம் காக்க வைத்தேன். பெய்ஜிங்கின் பெரிய நிபுணர்களே ‘ஓரிரு ஆண்டுகளுக்குள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். லியாவ்னிங் மாகாண அதிகாரிகள் ‘விழிப்போடு இருங்கள்’ என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தார்கள். சாவோ நாடறிந்த விஞ்ஞானி அல்ல. ஒரு வட்டத்தின் பூகம்ப அலுவலகத்துக்குப் பொறுப்பாளர், அவ்வளவே. அவர் வந்து, இன்றைக்குள் என்கிறார்.

குழுவினர் இடத்தில் நம்மை உட்கார வைத்துப் பார்ப்போம்.

கலாசாரப் புரட்சி இன்னும் ஓயாத காலம். ஆலைகளை நிறுத்து, கடைகளை மூடு, வேலையை விட்டுவிட்டு எல்லோரும் வெளியே வா என்று உத்தரவு போட வேண்டும். போட்ட பிறகு பூகம்பம் வராவிட்டால்? உற்பத்தியைக் கெடுத்தவன் என்று பெயர் வாங்க ஒரு நாள் போதும். அந்தப் பெயரோடு அந்தக் காலத்தில் நிம்மதியாக வாழ முடியாது.

அதுவுமில்லாமல், ஒரு தடவை சூடுபட்ட பூனைகள் அவர்கள். ஆறு வாரத்துக்கு முன்பு, டிசம்பரில், லியாவ்யாங் அருகே ஒரு நீர்த்தேக்கத்தை ஒட்டித் தொடர் நடுக்கம் வந்தது. ரிக்டரில் ஐந்தைத் தொட்டது. இதோ வந்துவிட்டது என்று மாகாணமே அலறியது. உறைபனியில் ஜனங்கள் வெளியே படுத்தார்கள்.

ஒன்றும் வரவில்லை.

நடுக்கம் தானாக அடங்கிப்போனது. மூக்கு ஒழுகியதுதான் மிச்சம். இப்போது மறுபடியும் வீட்டை விட்டு வா என்றால் எந்தக் கிழவி வருவாள்?

ஆனால் தராசின் இன்னொரு தட்டில் ஷிங்டாய் இருந்தது. 1966-ல் எட்டாயிரம் பேருக்கும் மேல் மண்ணுக்குள் போன ஊர். பிரதமர் சூ என்லாய் அந்த இடிபாடுகளுக்கு நடுவே நடந்துவிட்டு, பூகம்பத்தை முன்கூட்டியே சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள் என்று விஞ்ஞானிகளுக்குக் கட்டளையிட்டதை இந்தத் தொடரில் விரிவாகப் பார்த்தோம். சாவின் அலுவலகம் முளைத்ததே அந்தக் கட்டளையிலிருந்துதான். கிணற்று நீர்மட்டத்தை அளக்கும் விவசாயி, குளிர்காலத்தில் வெளியே வரும் பாம்பைக் கண்டால் ஓடிவந்து சொல்லும் பள்ளிப் பையன், எல்லோரும் அந்தக் கட்டளையின் பிள்ளைகள். எச்சரித்தும் கேட்காமல் இருந்துவிட்டு ஊர் அழிந்தால், அந்தப் பழி எந்த அரசியல் குற்றச்சாட்டையும்விடப் பெரியது.

என்ன செய்வது?

அவர்கள் யோசிக்கட்டும். அதற்குள் நாம் முந்தைய இரவுக்கு ஒரு நடை போய்வருவோம். சாவ் எதை நம்பி ‘இன்று’ என்றார் என்று தெரிய வேண்டாமா?

ஷிபெங்யூ நிலநடுக்க நிலையம். உருளையில் சுற்றிய தாள் மெல்ல நகர்கிறது. அதன்மேல் ஊசி கோடு இழுக்கிறது. பிப்ரவரி 1 வரை அந்தக் கோட்டில் அந்த வட்டாரத்தைப் பற்றிச் சொல்ல எதுவுமே இல்லை. அன்று ஒரு சின்னத் துடிப்பு. மறுநாள் சில. மூன்றாம் தேதி மாலை ஊசி வேகம் பிடித்தது. இருட்டிய பிறகு ஒரு துடிப்பு அடங்குவதற்குள் அடுத்தது. மொத்தத்தில் ஐந்நூறுக்கும் மேல் என்று பிறகு எண்ணிச் சொன்னார்கள்.

எண்ணிக்கையைவிடப் பயமுறுத்தியது இன்னொன்று. எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தன!

அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஒரு நிலநடுக்கம் இரண்டு அலைகளை அனுப்பும். முதலில் வந்து சேர்வது பி அலை. பின்னாலேயே எஸ் அலை. இரண்டுக்கும் நடுவே எத்தனை நொடி என்று பார்த்தால், நடுக்கம் எவ்வளவு தொலைவில் பிறந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்த இடைவெளி அன்று ஏறக்குறைய மாறவே இல்லை. பக்கத்து ஹைசெங்குக்கும் யிங்கோவுக்கும் நடுவே, பூமிக்கு அடியில் ஒரு சின்னத் துண்டுப் பாறை மட்டும் நொறுங்கிக்கொண்டிருந்தது.

மாகாணத் தலைநகர் ஷென்யாங்கில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சூ ஃபெங்மிங். மாகாணப் பூகம்ப அலுவலகத்தின் தலைவர். அவரைக் குடைந்த கேள்வி ஒன்றே ஒன்று. இது டிசம்பரில் வந்து போன மாதிரி வெறும் தொடர் நடுக்கமா, இல்லை பெரியதற்கு முன்னோட்டமா?

உலகில் இன்றுவரை எந்த நிபுணராலும் அடித்துச் சொல்ல முடியாத கேள்வி அது. இரண்டும் தாளில் ஒரே மாதிரிதான் தெரியும். பெரியது வந்து இடித்துத் தள்ளிய பிறகு திரும்பிப் பார்த்தால்தான், அட, அதெல்லாம் முன்னோட்டம் என்று புரியும். வராவிட்டால் அதைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை.

நள்ளிரவு தாண்டி அரை மணி. சூ ஃபெங்மிங் பேனாவை எடுத்தார். 14-ஆம் எண் அறிக்கை. சின்ன நடுக்கங்களின் வேகம் கூடிக்கொண்டே போகிறது, இவற்றைத் தொடர்ந்து ஓரளவு பெரிய பூகம்பம் வர வாய்ப்பு அதிகம் என்று எழுதினார். நாள், நேரம் எதுவும் அதில் இல்லை. விஞ்ஞானி அந்தக் கோட்டைத் தாண்டமாட்டார்.

சாவ் தாண்டினார்.

ஏன் தாண்டினார் என்பதைப் பின்னாளில் அவரே விளக்கினார். கேட்டால் தலையைச் சொறிவீர்கள். சின்ன நடுக்கங்கள்தான் முக்கியக் காரணம், சரி. ஆனால் அவர் வைத்திருந்த ‘இரவு எட்டு மணிக்குள்’ என்ற கெடு வந்தது ஒரு பழைய புத்தகத்திலிருந்து! யின்சுவான் வட்டாரத்தைப் பற்றிய பழங்காலக் குறிப்பு நூல் அது. இலையுதிர் காலத்தில் கனமழை பெய்தால் குளிர்காலத்தில் பூகம்பம் நிச்சயம் என்று அதில் ஒரு வரி. யின்சுவான் இருப்பது ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், வடமேற்குச் சீனத்தில். இருந்தால் என்ன? போன இலையுதிர் காலத்தில் லியாவ்னிங்கில் மழை கொட்டித் தீர்த்திருந்தது. சாவ் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். அவர் கணக்கில் குளிர்காலம் முடியும் நேரம் பிப்ரவரி 4, இரவு எட்டு மணி.

ஆக, வந்தால் அதற்குள் வந்தாக வேண்டும்!

இன்னொரு கணக்கும் வைத்திருந்தார். ஏழு மணிக்கு வந்தால் ரிக்டரில் ஏழு. எட்டு மணிக்கு வந்தால் எட்டு.

சிரிக்காதீர்கள். பத்துக் கிலோமீட்டருக்கும் கீழே இறுகிக் கிடக்கும் பாறைக்குப் பஞ்சாங்கம் தெரியாது, வாஸ்தவம். ஆனால் சாவ் அந்தப் பஞ்சாங்கத்தால் மட்டும் கதவைத் தட்டவில்லை. ராத்திரி முழுக்கத் துடித்த ஊசி அவர் மண்டைக்குள் இருந்தது. பயம் ஊசியிலிருந்து வந்தது. துணிச்சல் புத்தகத்திலிருந்து வந்தது. சூ ஃபெங்மிங்கிடம் பயம் மட்டும் இருந்தது. அதனால் அவருடைய அறிக்கையில் கெடு இல்லை.

வாருங்கள், அறைக்குத் திரும்புவோம்.

குழு முடிவெடுத்துவிட்டது.

ஆலைகள் நிற்கட்டும். கூட்டங்கள், விளையாட்டு, கேளிக்கை எல்லாம் ரத்து. யாரும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது, ராத்திரி உள்ளே படுக்கக் கூடாது. யிங்கோவ் முழுவதற்கும் உத்தரவு பறந்தது. மாகாணத் தலைமையிடமிருந்து தொலைபேசி எச்சரிக்கை வந்தது பத்தரை மணிக்குத்தான். ஒரு குட்டி வட்டம் அதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே கிளம்பிவிட்டது.

சொல்வது சுலபம். கிழவர்களையும் கைக்குழந்தைகளையும் உறைபனியில் கொண்டுவந்து நிறுத்துவதை யோசித்துப் பாருங்கள். அந்த ஊர் வீடுகளில் செங்கல்லால் கட்டிய கட்டில் இருக்கும். அடுப்பின் சூடும் புகையும் அதற்கு அடியில் ஓடும். குடும்பமே குளிர்காலத்தை அதன்மேல்தான் கழிக்கும். அந்தச் சூட்டை விட்டுவிட்டு வா என்றால் யார் வருவார்? புத்தாண்டுக்கு ஒரே வாரம் வேறு. செய்து முடிக்க ஆயிரம் வேலை.

கெஞ்சினார்கள், அதட்டினார்கள். சில இடங்களில் திறந்தவெளியில் சினிமா காட்டி ஜனங்களை வெளியே இழுத்ததாகவும் சொல்வார்கள். உயிருக்கு வராதவன் படத்துக்கு வருவான்!

மதியம் ஆனது.

இங்கேதான் பூமி ஒரு வேலை செய்தது.

அடங்கிவிட்டது.

இரவெல்லாம் துடித்த ஊசி மதியத்துக்கு மேல் சோர்ந்துபோனது. எப்போதாவது ஒரு துடிப்பு, அவ்வளவுதான். பிற்பகல் இரண்டு மணிக்கு ஹைசெங்கில் அதிகாரிகள் கூடி முன்னெச்சரிக்கை பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், காலடியில் அமைதி. டிசம்பரிலும் இப்படித்தானே அடங்கியது? பலருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. வந்தது போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

எந்த ஊர் வெளியே நின்றது, எந்த ஊர் உள்ளே போனது என்பது அந்தந்த ஊர்த் தலைவரின் குணத்தைப் பொறுத்துப் போயிற்று. பிடிவாதக்காரர் இருந்த இடத்தில் ஜனங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். இளகிய மனசுக்காரர் இருந்த இடத்தில் குழந்தைகள் சூடான கட்டிலுக்குத் திரும்பின. அன்றைக்கு இரக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பது யாருக்கும் தெரியாது. ஹைசெங்கில் யிங்கோவின் கண்டிப்பு இல்லை. அங்கே நிறையப் பேர் வழக்கம்போல வீட்டில்தான் இருந்தார்கள்.

இருட்டியது. ஆறு மணி. ஒன்றுமில்லை.

ஏழு மணி.

பகல் போய்விட்டது. மாலையும் போய்விட்டது. காலையில் ஆலைகளை நிறுத்தச் சொன்னவர்கள் இப்போது என்ன நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்? நாளைக்கு யார் முன்னால் நின்று என்ன பதில் சொல்வது? எட்டு மணி அடித்துவிட்டால் சாவின் கணக்கில் குளிர்காலம் முடிந்துவிடும். கூடவே அவர் பெயரும்.

ஏழு இருபது. ஏழரை.

ஏழு முப்பத்தாறு.

பூமி பிளந்துகொண்டது.

ரிக்டரில் 7.3. விளக்குகள் அணைந்தன. சுவர்கள் சரிந்தன. பாலங்கள் முறிந்தன. வயல்வெளிகளில் மண்ணைப் பீய்ச்சிக்கொண்டு தண்ணீர் பொங்கியது. கண் மூடித் திறப்பதற்குள் ஊர் ஊராக வீடுகள் தரையில் கிடந்தன.

யிங்கோவின் திறந்தவெளிகளில் குளிரில் நடுங்கியபடி, காலையிலிருந்து அதிகாரிகளைத் திட்டிக்கொண்டிருந்த கூட்டம் உயிரோடு நின்றுகொண்டிருந்தது.

சாவின் விசித்திரக் கணக்கைப் பாருங்கள். ஏழுக்கு ஏழு, எட்டுக்கு எட்டு. ஏழரை தாண்டி வந்தது, 7.3! குருட்டு அதிர்ஷ்டம்தான். ஆனால் கெடு முடிய 24 நிமிடம் இருக்கும்போது வந்து நின்றால் அந்த மனிதருக்கு அது அதிர்ஷ்டமாகவா தோன்றியிருக்கும்?

உலகம் கைதட்டியது. ஒரு பெரும் பூகம்பத்தை முன்கூட்டியே சொல்லி ஜனங்களைக் காப்பாற்றிவிட்டது சீனா என்று தலைப்புச் செய்திகள். வெளிநாட்டு விஞ்ஞானிகள் விமானம் ஏறி வந்து பார்த்தார்கள். மக்கள் விஞ்ஞானத்தின் வெற்றி என்று பெய்ஜிங் மார்தட்டியது. எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டால் மட்டும் ‘மிகச் சிலர்’ என்று பதில் வந்தது.

உண்மைக் கணக்கு வெளிவரப் பல ஆண்டுகள் ஆயின. இறந்தவர்கள் 2,041 பேர். அதில் பூகம்பம் நேரடியாகக் கொன்றது 1,328 பேரை. மீதி 713 பேர்? தப்பித்து வெளியே வந்தவர்கள்! தற்காலிகக் குடிசைகளில் தீப்பிடித்தும், குளிரில் விறைத்தும், கணப்புப் புகையில் மூச்சு முட்டியும் பின்னால் செத்தவர்கள். வீட்டை விட்டு வரச் சொன்னவர்கள், வந்தவர்களை எங்கே படுக்க வைப்பது என்று யோசிக்கவில்லை.

இன்னும் இரண்டு விஷயங்களையும் வெற்றிக் களிப்பில் யாரும் பேசவில்லை. மரச் சட்டங்கள் தாங்கும் தாழ்ந்த வீடுகள் அந்தப் பக்கம் அதிகம். சுவர் விழுந்தாலும் கூரை உடனே தலையில் இறங்கவில்லை. அடுத்தது நேரம். ஏழரை மணிக்கு விழித்திருந்தவர்கள் ஓட முடிந்தது. அதே அடி விடியற்காலை மூன்று மணிக்கு விழுந்திருந்தால்?

இந்தக் கேள்வியை நினைவில் வையுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய உபகாரம் செய்தது பூமியேதான். மூன்று நாள் முன்பே முனகிக் காட்டியது. வேப்பங்கிளை முறிவதற்கு முன் படபடவென்று சத்தம் கொடுக்கும், கீழே நிற்பவன் விலகிக்கொள்ளலாம். முருங்கைக்கிளை அப்படியா? ஒரு சத்தமும் காட்டாமல் கையோடு வந்துவிடும். பூமிக்கு அடியில் இருக்கும் பிளவுகளில் பெரும்பாலானவை முருங்கை ஜாதி. இது வேம்பா, முருங்கையா என்று மேலே நிற்பவனுக்குத் தெரியாது.

ஹைசெங்கில் சீனாவுக்கு வாய்த்தது வேம்பு. ஆனால் ஒரு தடவை ஜெயித்த பிறகு, இனி எந்தக் கிளையும் சொல்லாமல் முறியாது என்ற நம்பிக்கை ஊறிவிட்டது.

நம்பி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை.

1976 ஜூலை நடுவில் ஒரு கூட்டம். நிலநடுக்கத்தைக் கண்காணிப்பது எப்படி என்று பேசுவதற்காகப் பல வட்டங்களிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். பெய்ஜிங்கிலிருந்து வந்த வாங் செங்மின் என்ற நிபுணரிடம் ஒரு அவசரச் செய்தி இருந்தது. ஜூலை 22-லிருந்து ஆகஸ்ட் 5-க்குள் இந்தப் பக்கம் ஒரு நல்ல அதிர்ச்சி வரக்கூடும் என்பது அவர் கணிப்பு. பிரதானக் கூட்டத்தில் அதைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. மாலை நேரக் கலந்துரையாடலில், வந்தவர்கள் மட்டும் கேட்க, சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டவர்களில் ஒருவர் வாங் சுன்சிங். சிங்லோங் வட்டத்தின் சின்ன அலுவலர். வயசும் சின்னதுதான். மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். நோட்டைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு ஓடினார். மேலிடத்தில் யாரும் ‘இன்று’ என்று சொல்லவில்லை. ஊசி துடிக்கவில்லை. பாம்பு வெளியே வந்து சாகவில்லை. இந்த ஒரு நோட்டை வைத்துக்கொண்டு ஒரு வட்டத்தையே வீதிக்குக் கொண்டுவர முடியுமா?

அதைவிடப் பெரிய கேள்வி. அந்தக் கூட்டம் நடந்த ஊரிலேயே அந்தச் செய்தியை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? பத்து லட்சம் பேர் வாழ்ந்த சுரங்க நகரம். செங்கல் கட்டடங்கள். அடி விழுந்த நேரம் விடியற்காலை 3.42.

ஊரின் பெயர் தாங்ஷான்.

(அடுத்த வாரம்: சிங்லோங்கின் நோட்டும் தாங்ஷானின் தூக்கமும்)